அணைத்து வைக்கப்பட்டுள்ளது

இப்பிடி உக்காரு கண்ணு. பின்னால போவாத. பின்னால கடேசி சீட்டுல பசங்க நாலஞ்சு பேரு உக்காந்துட்டு ஒரே சிரிப்பு. பல்லடத்துல ஏறுனதுல இருந்து நானும் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுத்தான் வர்றேன். நல்ல பசங்களாவும் இருக்கலாம், நமக்கு எப்பிடித் தெரியும்? நான் ஜன்னலோரம் ஒண்டிக்கறேன். பையை மடியில வெச்சுக்கறேன். நீ தாராளமா உக்காரு. திருச்சிக்கா? நானும் திருச்சிதான். நல்லதாப் போச்சு.

ஏங்கண்ணு, தனியாவா போற? வீட்டுல சொல்லிட்டு வந்தயா? சரி சரி, கேட்டேன். தப்பா நெனச்சுக்காத. எனக்கும் உன்ற வயசுல ஒரு பொண்ணு இருக்கறா.

பையில என்னன்னு பாக்கறயா? துண்டுல சுத்தி வெச்சிருக்கறது பவர் பேங்க். பயந்துக்காத, வெடிக்காது. வெடிக்காதுன்னுதான் கடைக்காரர் சொல்லியிருக்கறார். பஸ்ஸு இந்தக் குலுக்குக் குலுக்குதே, அதனால துண்டு. சூடாயிருக்குதான்னு அப்பப்பத் தொட்டுப் பாத்துக்கறேன். இப்ப வரைக்கும் ஜில்லுன்னுதான் இருக்குது. நீ வேணும்னா தொட்டுப் பாரு. வேண்டாமா? சரி.

என்ற பேரு நாச்சிமுத்து. பல்லடத்துக்கு இக்கட்டால கோழிப்பண்ணை வெச்சிருக்கறேன். கறிக்கோழி. கம்பெனிக்காரங்க குஞ்சு குடுப்பாங்க, தீவனம் குடுப்பாங்க, நாம வளத்திக் குடுக்கோணும். பண்ணைய இன்னிக்கு சம்சாரத்துகிட்ட உட்டுப்போட்டு வந்திருக்கறேன். அவ பேரு கலாமணி. போவாதீங்க, போவாதீங்கன்னு பண்ணைக் கேட்டு வரைக்கும் வந்து சொன்னா. அவளுக்கென்ன தெரியும்?

பொண்ணு சிந்துஜா திருச்சியில பிசியோதெரபி படிக்கறா. ரெண்டாவது வருசம். ஹாஸ்டல்ல இருக்கறா. எங்களுக்கு ஒரே புள்ள. நேத்துப் பொழுதோட இருந்து அவ போனுக்கு லைனே கெடைக்க மாட்டேங்குது கண்ணு. நானும் கூப்புடறேன், கூப்புடறேன், அந்த ரெக்கார்டுக்காரிதான் எடுக்கறா. நீங்கள் அழைக்கும் எண் தற்சமயம் அணைத்து வைக்கப்பட்டுள்ளது. மறுக்காக் கூப்புட்டாலும் அதே. கெஞ்சுனாலும் அதே. அவ பாட்டுக்குச் சொல்லிப்போட்டுப் போயர்றா.

நீ படிச்ச புள்ள, நீயே சொல்லு. அவ என்ன சொல்றா? அணைஞ்சு போச்சுன்னு சொல்றாளா? இல்ல. அணைத்து வைக்கப்பட்டுள்ளதுன்னு சொல்றா. ரெண்டும் ஒண்ணா? வெளக்கு காத்துல அணைஞ்சா அணைஞ்சு போச்சும்போம். ஒருத்தன் வந்து ஊதுனாத்தான் அணைச்சுட்டான்னு சொல்லுவோம். பேட்டரி தீந்து தானா அணைஞ்சிருந்தா அது வேற கண்ணு, அதுக்கு எங்கிட்ட மருந்து இருக்குது, இந்தா மடியிலயே இருக்குது. இது அணைச்சு வெச்சது. அணைச்சு வெக்கறதுன்னா அதுக்கு ஒரு ஆளு வேணுமில்ல? யாரு அந்த ஆளு? அதத்தான் அவ சொல்ல மாட்டேங்கறா.

நேத்து இதைக் கலாமணிகிட்டச் சொன்னேன். அவ தோசையத் திருப்பிப் போட்டுட்டே, "அவளே அணைச்சு வெச்சிருப்பாளுங்க" அப்பிடிங்கறா. பெத்தவ பேசற பேச்சா இது? புள்ள எதுக்குக் கண்ணு அணைச்சு வெக்குது? அப்பன் கூப்புடுவான்னு அதுக்குத் தெரியாதா? அதுவும் நான் கூப்புடற நேரம் அதுக்கு அத்துப்படி. காலம்பற எந்திரிச்சா ஒருக்கா, கிளாசுக்குப் போறப்ப ஒருக்கா, சாப்பாட்டு நேரத்துல, சாயங்காலம் ரூமுக்கு வந்ததும், படுக்கறதுக்கு முன்னால. நடுவுல எப்பவாச்சும் மனசு ஒரு மாதிரி இருந்தா அப்பக் கூப்புடுவேன். அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு தொந்தரவு குடுத்ததில்ல.

ஹாஸ்டல் வார்டனம்மாவுக்குப் போட்டேன். "கிளாசுக்குப் போயிருக்கும் சார்" அப்பிடின்னாங்க. போயிருக்கும்! போயிருக்குதுன்னு சொல்லல பாரு. போயிருக்கும்னா பாக்கலன்னுதானே அர்த்தம்? "நீங்க கண்ணால பாத்தீங்களாம்மா?"ன்னு கேட்டேன். அந்தம்மா ஒரு பெருமூச்சு உட்டுட்டு, "பாத்தேன் சார், நல்லா இருக்குது சார்"னாங்க. அந்தப் பெருமூச்சு எதுக்கு? நல்லா இருக்கற புள்ளைக்கு எவளாச்சும் பெருமூச்சு உடுவாளா? பொறவு கூப்புட்டா அவங்களும் எடுக்கல. ஏதோ மறைக்கறாங்க கண்ணு. எனக்கு ராத்திரி பூராவும் கண்ணுல பொட்டுத் தூக்கமில்ல. விடிஞ்சதும் சட்டையப் போட்டுட்டுக் கெளம்பிட்டேன்.

நீ பிஸ்கட்டு திங்கறயா? வேண்டாமா. தெரியாதவங்க குடுத்தா வாங்கப்படாது, அது சரிதான். நல்லா வளத்தியிருக்கறாங்க.

இந்த பவர் பேங்க் சமாச்சாரமே ஒரு பெரிய கதை. சிந்துவை ஹாஸ்டல்ல சேத்தறப்பவே ஒண்ணு சொல்லிப்போட்டேன். போன்ல லொகேசன்னு ஒண்ணு இருக்குதில்ல, அதை எப்பவும் போட்டு வெச்சிரு பாப்பா, நீ எங்கிருக்கறயோ அது அப்பாவுக்கு மேப்புல நீலப் புள்ளியாத் தெரியும்னு. அவளும் போட்டா. ஆகா, எனக்கு எத்தன நிம்மதி தெரியுமா? கோழிக்குத் தீவனம் போடறப்பவும் ஒரு கையில அந்தப் புள்ளி. புள்ளி ஹாஸ்டல்ல இருக்குது, புள்ளி காலேஜுக்குப் போவுது. ஒரு நாளு புள்ளி கடை வீதிக்குள்ள போயி ஒரே எடத்துல நின்னு போச்சு. நகர மாட்டேங்குது. நான் கூப்புட்டு, "பாப்பா, என்ன அங்கயே நிக்கற?"ன்னு கேட்டேன். "ஜூஸ் குடிக்கறேன்பா" அப்பிடின்னா. "கூட யாரு?"ன்னேன். பதில் வரல. பக்கத்துல புள்ளைங்க சிரிக்கற சத்தம் மட்டும் கேட்டுச்சு. நெட்வொர்க் சரியில்லாம இருந்திருக்கும்.

அதுக்குப் பொறவு பத்து நாளு போவல, புள்ளி காணாமப் போச்சு. என்ன பாப்பான்னா, "லொகேசன் போட்டா சார்ஜ் சீக்கிரம் எறங்குதுப்பா. சாயங்காலமானா போனே செத்துப் போவுது"ன்னு சொன்னா. அதென்ன பேச்சு, செத்துப் போவுதுன்னு? சாயங்காலம்தானே கண்ணு போன் வேணும்? இருட்டுக் கட்டறப்ப போனுல உசுரு இல்லன்னா பொம்பளப் புள்ள என்ன பண்ணும்? சட்டுன்னு பல்லடத்துக்கு வண்டிய முறுக்குனேன்.

பஸ் ஸ்டேண்டுக்குப் பக்கத்துல ஜாகிர்னு ஒரு பையன் செல் கடை வெச்சிருக்கறான். நல்ல பையன், பொய் சொல்ல மாட்டான். தம்பி, தீராத பேட்டரி ஒண்ணு குடுன்னேன். சிரிச்சான். "தீராததுன்னு ஒண்ணு இல்லண்ணா. பத்தாயிரம் இருக்குது, இருவதாயிரம் இருக்குது"ன்னான். நான் வெலைன்னு நெனச்சுட்டு ஆடிப்போயிட்டேன். வெலையில்லயாமா, அது உள்ள புடிக்கற அளவாமா. சரி, பத்தாயிரம்னா அத்தனையும் போனுக்குப் போயிருமான்னு கேட்டேன். "இல்லண்ணா, பத்தாயிரம்னு போட்டிருந்தா போனுக்கு வர்றது ஆறாயிரம் சொச்சம்தான். மிச்சம் சூடாப் போயிரும்"னான்.

சூடாப் போயிருமா? எங்க போவும்? கையில எடுத்ததக் கீழ வெச்சுப்போட்டேன் கண்ணு. ஏன்னு கேளு. அதுக்கு மொத வாரந்தான் கோழிக்காரங்க குரூப்புல ஒரு வீடியோ வந்துச்சு. எந்த ஊரோ தெரியல, ஒருத்தன் பையில பவர் பேங்க் வெச்சிருக்கறான், நடந்து போறான், டப்புன்னு புகையி, நெருப்பு. அவன் பையக் கழட்டி வீசறான். என்ற புள்ள பையக் கழட்டத் தெரியாம நின்னுட்டா? பெருசா வாங்குனா வெடிச்சிருமோன்னு பயம். சிறுசா வாங்குனா தீந்துருமோன்னு பயம். கடையில நின்னுட்டு எடுக்கறேன், வெக்கறேன், எடுக்கறேன், வெக்கறேன். ஜாகிரு பாவம், மூணு கஸ்டமரைப் பாத்து அனுப்பிப்போட்டு வந்து, "என்னண்ணா, முடிவு பண்ணிட்டீங்களா?"ங்கறான்.

கடேசியில பத்தாயிரத்துல ஒண்ணு வாங்குனேன். அப்பிடியே கொண்டு போயிப் புள்ள கையில குடுத்தர முடியுமா? சோதிச்சுப் பாக்கோணுமில்ல. ஊட்டுல ஈயத் தூக்குப்போசி ஒண்ணு இருக்குது. அதுக்குள்ள அதை வெச்சு, என்ற போனைச் சொருகி, ஒயர் வெளிய வர்ற அளவு மூடி சாத்தி, வாசல்ல நடுவால வெச்சுப்போட்டு, வேப்பமரத்துக்கு அக்கட்டால நின்னு பாத்துட்டிருந்தேன். கலாமணி தண்ணிக் கொடத்தோட அந்தப் பக்கமா நடந்து போறா. "எட்டப் போடி, எட்டப் போடி"ன்னு கத்தறேன். அவ நின்னு என்னயப் பாத்துட்டு, கொடத்த எறக்கி வெச்சுட்டுப் போசிய எடுத்துக் காதுகிட்ட வெச்சுக் கேக்கறா. நான் மரத்துக்குப் பின்னால குனிஞ்சுட்டேன். "ஒரு சத்தமும் இல்ல. இதுக்குள்ள சோறு வெக்கோணும், போசியக் குடுங்க" அப்பிடின்னுட்டுப் போயிட்டா. அவளுக்குப் பயங்கறதே கெடையாது. அதனால ரெண்டு பேரு பயமும் நானே பட வேண்டியதா இருக்குது.

அதைக் கொண்டு போயிக் குடுத்தேன். ஒரு மாசம் போச்சு. மறுக்காவும் சாயங்காலமானா லைன் இல்ல. கேட்டா, "பவர் பேங்க்லயும் சார்ஜ் இல்லப்பா"ங்கறா. ஜாகிருகிட்டப் போயி இருவதாயிரம் வாங்குனேன். செங்கல்லு கணக்கா இருந்துச்சு. "தூக்கவே முடியலப்பா, ரூம்லயே வெச்சுட்டுப் போயர்றேன்"னா. சரி, புள்ளைக்குத் தோள் வலிக்குமேன்னு தேடிப் பாத்து, சூரிய ஒளியில சார்ஜ் ஆவற மாதிரி ஒண்ணு வாங்குனேன். முதுவுல கறுப்புக் கண்ணாடி ஒட்டியிருக்கும். வெயில் இருக்கற வரைக்கும் தீராதில்ல? திருச்சியில வெயிலுக்கா பஞ்சம்? ஜாகிருதான் சொன்னான், "அண்ணா, அந்தக் கண்ணாடி சும்மா பேருக்குண்ணா, நாள் பூரா வெயில்ல கெடந்தாலும் ரொம்பாது"ன்னு. நான் கேக்கல. மொட்டை மாடியில காய வெச்சுக்க பாப்பான்னு குடுத்துட்டு வந்துட்டேன். வந்த பொறவு குரூப்புல இன்னொருத்தன் போடறான், வெயில்ல வெச்சா பேட்டரி ஊதிப் போயித் தீப் புடிச்சுக்கும்னு. கூப்புட்டேன், எடுக்கல. ரூம்ல இருக்கற புள்ளைக்குப் போட்டேன், எடுக்கல. அந்தப் புள்ளையோட அம்மா நம்பரு எங்கிட்ட இருந்துச்சு, அவங்களுக்குப் போட்டு, அவங்க அவங்க புள்ளைக்குப் போட்டு, மாடிக்கு ஓடிப் போயி எடுக்கச் சொல்லி, ஒரு வழியா உசுரு வந்துச்சு.

அன்னிக்குப் பொழுதோட சிந்து அவளாக் கூப்புட்டா. அவளாக் கூப்புட்டாளேன்னு எனக்குச் சந்தோசம். ஆனா அழுவறா. "ஹாஸ்டலே சிரிக்குதுப்பா. எல்லாரும் என்னய நீலப் புள்ளின்னு கூப்புடறாங்கப்பா. என்னயக் கொஞ்சம் மூச்சு உட உடுங்கப்பா"ன்னா. எனக்குத் தூக்கி வாரிப் போட்டுச்சு. மூச்சுக்கு என்ன கண்ணு கேடு? எங்கம்மாவுக்கு வீசிங் இருந்துச்சு. அது வம்சத்துல வரும்பாங்க. "பாப்பா, நாளைக்கே வர்றேன், நெஞ்சு டாக்டருகிட்டக் காட்டிரலாம்"னேன். போனை வெச்சுப்போட்டா. பாவம், ஊசின்னா சின்ன வயசுல இருந்தே பயம் அவளுக்கு.

சிரிக்கறயா? சிரி கண்ணு, பரவால்ல. எல்லாருந்தான் சிரிக்கறாங்க. நான் பயப்படறது பைத்தியக்காரத்தனமாத்தான் தெரியும். ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு.

எங்க ஷெட்டு மூடுன ஷெட்டு. பேன் ஓடுனாத்தான் உள்ள காத்து. கரண்ட் போச்சுன்னா ஜெனரேட்டர் தானா எடுத்துக்கும். ஒரு சித்திரையில, சொந்தத்துல ஒரு சீருக்குப் போயிருந்தோம். பக்கத்து ஊருதான். நாங்க அங்க போயிச் சேர்றதுக்குள்ளயே இங்க டிரான்ஸ்பார்மர் வெடிச்சிருக்குது. ஜெனரேட்டர் எடுத்து, சித்த நேரம் ஓடி, அதுவும் நின்னு போச்சு. என்ற தப்பு ஒண்ணுமில்ல, மெக்கானிக்கே வந்து பாத்துட்டு அப்பிடித்தான் சொன்னான். பந்தியில உக்காந்து பாயசம் குடிச்சுட்டிருந்தேன் கண்ணு. நல்ல பாயசம். பொறவு ஊட்டுக்கு வந்து கேட்டைத் தொறந்தேன். கோழிப்பண்ணைன்னா எந்நேரமும் ஒரு எரைச்சல் இருக்கும், நீ கேட்டிருக்கமாட்ட, மழை பேயற மாதிரி எப்பவும் இருந்துட்டே இருக்கும். அன்னிக்குக் கேட்டைத் தொறந்தா ஒரு சத்தமில்ல. ஷெட்டுக் கதவு வரைக்கும் நடந்து போறேன், ஒரு சத்தமில்ல. கதவைத் தொறக்கறதுக்கு முன்னாலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

கோழி போனா வேற கோழி வளத்திக்கலாம். வளத்துனோம். ஆனா அந்தச் சத்தமில்லாத நேரம் எனக்குள்ளயே தங்கிப் போச்சு. பாப்பா போன்ல லைன் கெடைக்கலன்னா நான் அந்தக் கேட்டுக்குள்ளதான் நடந்து போயிட்டிருக்கறேன். இதை யாருகிட்டச் சொல்றது? கலாமணிகிட்டச் சொன்னா, "கோழியையும் புள்ளையையும் ஒண்ணாச் சேக்காதீங்க"ங்கறா.

அப்பறம் இந்த நாலாவது. இது பாப்பா போனுக்குன்னே பாத்து வாங்குனது. சூடானா தானா நின்னுக்குமாமா, நெறஞ்சா தானா நின்னுக்குமாமா, கனமும் இல்ல, முன்னால எத்தன மிச்சம்னு நம்பரே காட்டும். போன வாரம் ஜாகிருகிட்டப் போனப்ப அவன் தரமாட்டேன்னுட்டான். "அண்ணா, மூணு குடுத்துட்டேன். இதுக்கு மேல இன்வெர்ட்டர்தான் மாட்டோணும். எனக்கென்னமோ கொறை பேட்டரியில இல்லன்னு படுது"ன்னான். அப்ப எதுல தம்பி, சிம்மு மாத்திரலாமான்னு கேட்டேன். அவன் ஷோகேஸ் கண்ணாடியத் தொடச்சுட்டே நின்னான். அப்பறம் நான் நின்ன நெலையப் பாத்துட்டு இதை எடுத்துக் குடுத்துட்டான். வியாபாரம் பண்றவன் சரக்கு வேண்டாம்னு சொல்லுவானா? அவனுக்கும் ஏதோ மனசு சரியில்ல போல.

கரூர் வந்துருச்சா? இன்னும் எத்தன நேரம் ஆவும் திருச்சிக்கு? இந்த டிரைவரு வேற உருட்டறான்.

காலம்பற இருந்து கூப்புட்டுக் கூப்புட்டு என்ற போனும் வெள்ளக்கோயில் வர்றதுக்குள்ள அணைஞ்சு போச்சு. அணைச்சு வெக்கல, அணைஞ்சு போச்சு. இத்தாப் பெரிய பவர் பேங்க் மடியில இருக்குது, ஆனா ஒயர் சேர மாட்டேங்குது. இது புதுசு, முட்டை வடிவத்துல இருக்கற முனை. என்ற போனு பழசு, அதுக்குப் பட்டையா ஒரு முனை வேணுமாமா. நாலு வாங்கியிருக்கறேன், மொதல்ல வந்த ஒயர் என்னமோ சேந்துச்சு, அதுக்குப் பொறவு என்ற போனுக்கு எது சேரும்னு ஒருக்காக் கூடக் கேக்கணும்னு தோணல. இப்ப அவ என்னயக் கூப்புட்டாலும் அந்த ரெக்கார்டுக்காரிதான் பேசுவா. புள்ள பயந்துக்குவாளே?

கண்ணு, உன்ற போன் ஒரு நிமிசம் குடுக்கறயா? ஒரே ஒரு போன். நம்பரு எனக்கு மனப்பாடம்.

சார்ஜ் இல்லயா?

அட, இதுக்கா வெசனப்படற? சாமியாப் பாத்துத்தான் உன்னய இங்க உக்கார வெச்சிருக்குது! உன்ற போனுல முட்டை முனைதானே? பாத்தேன் பாத்தேன், ஏறுனப்பவே பாத்தேன். இந்தா, வேண்டாம்னெல்லாம் சொல்லாத. வெடிக்காது, நான் பொறுப்பு. எனக்கொசரம் இல்ல, உனக்கொசரம் சொல்றேன், வழியில பொம்பளப் புள்ள போன் இல்லாம இருக்கப்படாது. இப்பிடிக் குடு. நான் சொருகறேன். அட, இந்த பஸ்ஸு வேற குலுக்குது. ஆங். ஏறிருச்சு. வெளிச்சம் வந்துருச்சு பாரு.

எம்பத்திரெண்டு.

உன்ற போனுல எம்பத்திரெண்டு இருக்குதே கண்ணு.

இல்ல இல்ல, நீ எதுக்குத் தலயக் குனியற? நான் ஒண்ணும் சொல்லலயே. நீ செஞ்சது சரிதான். தெரியாத ஆம்பள, வயசானவன்னாலும் ஆம்பளதானே, போன் கேட்டா குடுக்கப்படாது. இல்லன்னு மொகத்துக்கு நேரா சொன்னா அவன் சண்டைக்கு வருவான். சார்ஜ் இல்லன்னு சொல்லிப்போட்டா ஒரு வம்புமில்ல, அவன் பாட்டுக்குப் போயிருவான். சிந்துவுக்கு நாந்தான் சொல்லிக் குடுத்தேன். ஹாஸ்டல்ல உட்டுட்டு வந்த அன்னிக்கு, திருச்சி பஸ் ஸ்டேண்டுலயே நிக்க வெச்சு, மறுக்கா மறுக்காச் சொல்ல வெச்சேன். பாப்பா, எவனாச்சும் உன்னய உடாமத் தொந்தரவு பண்ணுனா, உனக்குப் பயமா இருந்தா, சண்டை போடாத, மொறைக்காத, சத்தமில்லாமப் பொட்டாட்ட சார்ஜ் இல்லன்னு சொல்லு...

சித்த இரு கண்ணு.

ஒண்ணுமில்ல. தண்ணி வேண்டாம். காத்து வரட்டும்னு ஜன்னலைத் தொறந்தேன். சித்த இரு.

நீ சொன்னப்ப உன்ற மொகத்தப் பாத்தேன். கோவமில்ல உன்ற மொகத்துல. நல்ல புள்ள மொகந்தான். பயம். இந்த ஆளு உட மாட்டானேன்னு ஒரு பயம். நான் என்ன பண்ணிட்டேன் கண்ணு உன்னய? பேசுனேன். நீ ஏறுன காங்கேயத்துல இருந்து பேசிட்டே வந்தேன். பிஸ்கட்டு குடுத்தேன். அவ்வளவுதானே?

சிந்து சொல்றப்ப அவ மொகம் எனக்குத் தெரியாது. போன்லதானே சொல்லுவா.

இல்ல, வேண்டாம். நீ போனை உள்ள வெச்சுக்க. குடுக்கறயா? நெசமாலுமா? உனக்குச் சங்கடமில்லயே? அழுவல கண்ணு, தூசி. நீயே நம்பரைப் போடு, நான் சொல்றேன்.

ரிங் போவுதா? குடு, குடு... ரிங் போவுது கண்ணு! நேத்துல இருந்து மொத தடவை ரிங் போவுது!

எடுத்துட்டா.

ஹலோங்கறா. சிரிச்சுட்டே ஹலோங்கறா. யாருங்கன்னு கேக்கறா, அந்தக் கொரல்ல எத்தன சந்தோசம் பாரு, பின்னால புள்ளைங்க சத்தம், ஏதோ பாட்டு ஓடுது. இரு, துண்டுல பொத்திக்கறேன், அவளுக்குக் கேட்டரப் போவுது. நல்லா இருக்கறா கண்ணு. இந்தக் கொரலை நான் கேட்டு எத்தன நாளாச்சு, எங்கிட்ட அவ இப்பிடிப் பேசறதே இல்லயே. ஹலோ ஹலோங்கறா. எனக்கு வாயி தொறக்க மாட்டேங்குது. பயமா இருக்குது.

இந்தா, நீ புடி. நீ பேசு. ராங் நம்பருன்னு சொல்லு, பழைய பிரெண்டுன்னு சொல்லு, உனக்கு என்ன தோணுதோ சொல்லு, சித்த நேரம் பேச வெய்யி, நான் பக்கத்துல இருந்து கேட்டுக்கறேன். நான் இங்க இருக்கறேன்னு மட்டும் சொல்லிப்போடாத கண்ணு. சொன்னா அவளுக்கு சார்ஜ் தீந்துரும்.